நாலாவது அட்டை

மகளுக்குத் தலை வாரும்போது மட்டும் அந்தச் சுமைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். கிடங்கில் நாற்பது கிலோ பெட்டியைத் தோளுக்கு ஏற்றும்போதுகூட அப்படிப் பிடித்ததில்லை. மகளுடைய முடி அப்படி. நனைந்தால் கயிறு, காய்ந்தால் புதர். பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. வீட்டில் புதர்தான். கூப்பிட்டால் அந்தப் பெயருக்குத்தான் திரும்புவாள்.

தலை வாரும் வேலை அவர் கைக்கு வந்தது மனைவியின் வேலையால். அவளுக்குச் சலவை ஆலையில் வேலை. மருத்துவமனைகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளை வெளுத்து, நீராவியில் தேய்த்து, மடித்து அனுப்ப வேண்டும். ஆலை வண்டி விடிகாலை நாலரைக்கே தெருமுனையில் வந்து நிற்கும். புதர் எழுந்திருப்பது ஆறரைக்கு. அவருக்குக் கிடங்கு எட்டரைக்கு. அப்புறம் யார் வாருவது? அவர்தான்.

ஆனால் அந்தக் கை வேலைக்கு ஒத்துவரவில்லை. பத்தொன்பது வருஷமாக அட்டைப்பெட்டியும் நைலான் கயிறும் தின்ற கை. விரல் நுனியெல்லாம் வெடிப்பு. இடது கட்டைவிரல் நகம் ஒருமுறை பெட்டிக்கடியில் மாட்டி நசுங்கி, அப்புறம் இரண்டாகப் பிளந்து முளைத்திருந்தது. புதரின் சுருள்கள் அந்த வெடிப்புகளில் போய்ப் போய் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு காலையும் வீட்டில் ஒரே கூப்பாடு.

"அப்பா! உன் கையில முள்ளு முளைச்சிருக்கு!"

"முள்ளு இல்லம்மா, சும்மா சொரசொரப்பு."

"எனக்கு வலிக்குதே, அது முள்ளுதான்."

இதைக் கேள்விப்பட்ட மனைவி மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அடுப்பங்கரையை விட்டு நகரவில்லை. ஆளிவிதையை வேகவைத்து, துணியில் பிழிந்து, அந்தக் கொழகொழப்பில் எண்ணெயை அடித்துக் கலந்து பார்த்தாள். முதல் தடவை மூக்கு ஒழுகின மாதிரி வந்தது. இரண்டாம் தடவை நாற்றம். ஏழாவது தடவை சரியாக வந்தது. ஊருக்கு விற்க அவள் அதைச் செய்யவில்லை. சொல்லப்போனால் தலைக்கென்றுகூடச் செய்யவில்லை. கணவரின் கை வெடிப்பை அடைத்து, முடி மாட்டாமல் வழுக்கி ஓட வைக்கத்தான் செய்தாள். அவர் அதை இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்துக்கொண்டு சுருள்களுக்குள் விரலை விட்டார். புதர் கத்தவில்லை. கத்தாமல் இருந்ததோடு, அன்றைக்குச் சாயங்காலம் வரை ஒவ்வொரு சுருளும் தனித்தனியாக, முறுக்கிவிட்ட மாதிரி நின்றது.

அந்தப் பூச்சு ஆலையில் கூட வேலை செய்யும் பெண்களிடம் போனது. அவர்கள் தங்கை, மதினி என்று சொல்லி வாங்கிப் போனார்கள். மருந்துக்கடைக்காரம்மா, கெட்டுப்போகாமல் இருக்க எதை எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். பாட்டில் வந்தது, பாட்டிலில் ஒட்ட ஒரு சீட்டும் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் மனைவிக்கு இருமல் முற்றியது. வெளுக்கிற மருந்தின் ஆவி நெஞ்சில் இறங்கிவிட்டது, கொஞ்ச நாள் அந்தப் பக்கமே போகாதே என்றார் டாக்டர். ஆலையில் இரண்டு மாதம் விடுப்புக் கொடுத்தார்கள். மேற்பார்வை அம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்: "கடைசித் திங்கட்கிழமை காலைல வண்டியில நீ இருக்கணும். இல்லேன்னா உன் இடத்துல வேற ஆளு."

வாரம் அறுபது பாட்டில் போனால் மனைவி அந்த வண்டியில் ஏற வேண்டியதில்லை. கணக்கு அவ்வளவுதான். ஆனால் தெரிந்தவர்கள் வழியாகப் போனது வாரம் இருபதோடு நின்றுவிட்டது. விடுப்பில் மூன்று வாரம் மிச்சம் இருந்தபோது, விளம்பரம் போடுவது என்று முடிவாயிற்று.

யோசனை சொல்ல மனைவியின் தம்பி வந்தான். போன் கடையில் கண்ணாடி ஒட்டுகிறவன். சமூக வலைத்தளம் என்றால் தன்னைக் கேட்டுத்தான் இயங்குகிறது என்ற தோரணை அவனுக்கு. சாப்பாட்டு மேசையில் விரலை மடக்கி எண்ணினான்.

"மச்சான், விளம்பரம்னா நாலு தினுசு. ஒண்ணு, ஒத்தப் படம். ரெண்டு, குட்டி வீடியோ. மூணு, ஒரே நாள்ல மறைஞ்சு போயிடறது. நாலு, விரலால தள்ளித் தள்ளிப் பாக்குற அட்டை. அஞ்சாறு படம் வரிசையா இருக்கும்."

"மறைஞ்சு போறதை எதுக்கு மாப்ள போடணும்?"

"அவசரப்படுத்தத்தான். இன்னிக்கு விட்டா போச்சுன்னு நினைப்பான்ல."

"முடி என்ன நாளைக்கே ஓடியா போயிடும்?"

"சில பேருக்குப் போகுது மச்சான்," என்று மைத்துனன் தன் முன் நெற்றியைத் தடவிக்கொண்டான். புதர் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மனைவி டப்பாவில் இருந்த காசை எண்ணிப் பார்த்தாள். "கையில இருக்கிறதுக்கு மூணு தடவைதான் போட முடியும். வாரத்துக்கு ஒண்ணு. மூணாவதும் போச்சுன்னா நான் வண்டியில ஏறிடறேன். அதுக்கப்புறம் யாரும் முகத்தைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது," என்றாள். பிள்ளையின் முகம் எந்தப் படத்திலும் தெரியக் கூடாது என்பது அவள் போட்ட இன்னொரு விதி.

முதல் வாரம் வீடியோ. மைத்துனன் ஆசைப்பட்டான். புதர் பின்பக்கம் காட்டி நின்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். சுருளெல்லாம் பறந்தன. டமடமவென்று ஒரு பாட்டு. மூவாயிரம் பேர் பார்த்தார்கள். மைத்துனன் தலைகால் புரியாமல் குதித்தான். வாரக் கடைசியில் பார்த்தால் விளம்பரம் பார்த்து வாங்கியவர்கள் நாலே பேர். அதில் ஒருத்தி ஆலைத் தோழி, பாசத்தில் வாங்கியவள்.

"பாக்குறாங்க, ரசிக்கிறாங்க, போயிடறாங்க," என்றாள் மனைவி. "அது என்ன பாட்டுன்னு பதினோரு பேர் கேட்டிருக்கான். பூச்சைப் பத்தி ஒருத்தன் கேக்கலை."

இரண்டாம் வாரம் ஒற்றைப் படம். வெள்ளை விரிப்பின் மேல் பாட்டில், பக்கத்தில் ஒரு மரச்சீப்பு. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஏழு பேர் வாங்கினார்கள். எட்டாவது ஆள், இதைத் தண்ணீரில் கலந்து தரை துடைக்க வேண்டுமா அல்லது அப்படியே ஊற்றலாமா என்று கேட்டிருந்தார்.

அந்த வாரக் கடைசியில் ஒருநாள் காலை சுமைக்காரர் பல் விளக்கப் போகும்போது, கதவுக்குப் பின்னால் ஆலைச் சீருடை தொங்குவதைப் பார்த்தார். துவைத்துத் தேய்த்துத் தயாராக இருந்தது.   அன்றைக்குத் தலை வாரும்போது இரண்டு தடவை சீப்பைக் கீழே போட்டார்.

மூன்றாவது வாரத்துக்கு மனைவியே தீர்ப்புச் சொன்னாள்.

"அட்டைதான். புதர் முடி ஒரே பார்வையில யாருக்கும் புரியாது. முதல்ல சிக்கு. அப்புறம் என் உள்ளங்கையில பூச்சு. அப்புறம் சீப்பு எறங்குறது. அப்புறம் விரலால கசக்கி விடறது. கடைசியா காஞ்ச சுருள். வீடியோ ஓடிப் போயிடுது. அட்டைன்னா அவங்களே நின்னு, அவங்க வேகத்துக்குத் தள்ளிப் பாப்பாங்க."

ஞாயிறு காலை ஜன்னலோரம் புதரை உட்கார வைத்தார்கள். மூன்று படம் சுலபமாக முடிந்தது. நாலாவதில்தான் தகராறு. சுருளைக் கசக்கிவிடும் கை யாருடையது?

"உங்க கைதான். தினமும் நீங்கதானே செய்யறீங்க? எனக்கு அப்படிக் கசக்கி விடத் தெரியாது," என்றாள் மனைவி.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "என் கையைப் போட்டா எவன் வாங்குவான்? இருக்கிற வியாபாரமும் படுத்துடும். வேணும்னா கையுறை போட்டுக்கட்டுமா?"

"எனக்கென்ன ஆபரேஷனா பண்ணப் போறீங்க?" என்றாள் புதர்.

மைத்துனனின் கை வழவழப்பானது. அவனை முயற்சி செய்ய வைத்தார்கள். கண்ணாடி ஒட்டுகிற மாதிரி உச்சந்தலையை அழுத்தித் தேய்த்தான். புதர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

சுமைக்காரர் ஏன் அப்படி முரண்டு பிடித்தார் என்பதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. ஒருமுறை கடையில் மிச்சச் சில்லறைக்காகக் கையை நீட்டினார். கல்லாவில் இருந்த பெண் அந்தக் கையைப் பார்த்தாள். சில்லறையை மேசையில் வைத்து ஒரு விரலால் அவர் பக்கம் நகர்த்தினாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கடையிலும் அவர் கையை நீட்டுவதில்லை. சில்லறையை மேசையில் வைக்கும்வரை காத்திருப்பார்.

"சரி, நாலாவதாத்தானே வரப்போகுது," என்று மனைவி சமாதானத்துக்கு வந்தாள். "அதுவரைக்கும் தள்ளிப் பாக்குறவங்க பத்துல ஒருத்தர் இருந்தா அதிகம். முதல் அட்டையில சிக்கு, கடைசியில சுருள். நடுவுல உங்க கையை யாரு கவனிக்கப் போறாங்க?"

அந்த ஒப்பந்தத்தின் பேரில் அவர் கையை நீட்டினார். மைத்துனன் ஒரே ஒரு படம் எடுத்தான். சுருள்களுக்கு நடுவே வெடித்த விரல்கள், ஓரத்தில் அந்த இரட்டை நகம். அவர் அந்தப் படத்தைப் பார்க்கக்கூட இல்லை. புதன்கிழமை சாயங்காலம் விளம்பரம் போனது.

வெள்ளிக்கிழமை மத்தியானம். கிடங்கில் சாப்பிட்டு முடித்துப் பலகைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். தூக்குவண்டி ஓட்டுகிறவர் போனை நோண்டிக்கொண்டிருந்தார். தலையில் ஒரு முடி இல்லாத மனுஷர்.

"யோவ், இங்க வா. இது உன் கைதானே?"

சுமைக்காரர் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். "என் கை எதுக்கு உன் போன்ல இருக்கு? எல்லார் கையும் இப்படித்தான் இருக்கும்."

"என்கிட்டயே கதை விடாத. அந்தக் கட்டைவிரலைப் பெட்டிக்கடியிலிருந்து எடுத்துவிட்டவனே நான்தான். அந்த நகத்தை எனக்குத் தெரியாதா?"

எட்டிப் பார்த்தார். முதல் அட்டையே அவர் கைதான். சிக்கு இரண்டாவதாகப் போயிருந்தது. பூச்சு எங்கேயோ பின்னால் இருந்தது.

"உனக்கு எப்படி இது வந்துச்சு? உனக்குத்தான் முடியே இல்லையே."

"என் பொண்டாட்டி அனுப்பினா. அவ தங்கச்சி அவளுக்கு அனுப்பியிருக்கா. பாரு, எவ்வளவு பேர் என்னென்னமோ எழுதியிருக்கான்."

அவர் எழுந்து பெட்டிகளுக்குப் பின்னால் போய் வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, வரிசை மாறிப் போச்சு! நாலாவது முதல்ல வருது!"

 மனைவி மெதுவாகச் சொன்னாள்: "தெரியும். காலைல நீங்க போனப்புறம் பாத்தேன்."

"நீ வேணும்னே பண்ணியா?"

"புதர் மேல ஆணையா இல்லை. விளம்பரம் போடுற பக்கத்துல ஒரு கட்டம் இருந்திருக்கு. எந்த அட்டை முன்னால வரணும்னு நாங்களே பாத்துக்கறோம்னு போட்டு, அவங்களே டிக் அடிச்சு வெச்சிருக்காங்க. என் தம்பி அதைப் படிக்காமயே விட்டிருக்கான். ஜனங்க எந்த அட்டையில அதிகம் நிக்கிறாங்களோ, அதை அதுவே முன்னால தள்ளிவிடுமாம்."

"என் கையிலயா நிக்கிறாங்க?"

"உங்க கையிலதான் நிக்கிறாங்க."

 பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைச் சுரண்டிக்கொண்டே, "எத்தனை போயிருக்கு?" என்றார்.

"இதுவரைக்கும் முப்பத்தெட்டு." அவள் இருமினாள். போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமியது கேட்டது. "என்னங்க, நான் உங்களைக் கேக்காம வெச்சிருக்க மாட்டேன். சாயங்காலம் நேர்ல கேக்கலாம்னு இருந்தேன். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, டிக்கை எடுத்துடறேன். ஒரு நிமிஷ வேலை. உங்க கை நாலாவதுக்கே போயிடும்."

"போயிட்டா?"

"போயிட்டா என்ன, வந்த வரைக்கும் வரட்டும். திங்கட்கிழமை நான் வண்டியில ஏறிக்கறேன். அதுக்காக உங்களை ஊர் முன்னால நிறுத்தி வெக்க என்னால முடியாது. இந்த விஷயத்துல நீங்க சொல்றதுதான்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவரை அசைத்தது. "சாயங்காலம் சொல்றேன்," என்று போனை வைத்தார்.

திரும்பி வந்து தூக்குவண்டிக்காரரிடம் போனைக் கேட்டு வாங்கினார். கீழே எழுதியிருந்ததை ஒவ்வொன்றாக, உதடு அசைய, படித்தார்.

"எங்க அப்பா கொத்தனார். அம்மா ஊரில் இல்லாதபோது அவர்தான் எனக்குப் பின்னல் போடுவார். ஒருநாளும் நேராக வந்ததில்லை. நான் அவிழ்த்ததும் இல்லை" என்று ஒருத்தி.

"இவ்வளவு சொரசொரப்பான கையிலேயே மாட்டவில்லை என்றால் என் சீப்பில் மாட்டாது. இரண்டு பாட்டில் அனுப்புங்கள்" என்று இன்னொருத்தி.

"கையைப் பார்த்தால் நம்பிக்கையாக இருக்கிறது" என்று ஒருவர்.

"அண்ணே, அந்த நகத்தை டாக்டரிடம் காட்டுங்கள்" என்று இன்னொருவர்.

படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார். கழுவிய கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பத்தொன்பது வருஷத்தில் என்ன மாறியிருக்கப் போகிறது? அதே கைதான். "என்னய்யா, ஜோசியமா பாக்குற? மூணாம் நம்பர் லாரி வந்துடுச்சு," என்று தூக்குவண்டிக்காரர் கத்தினார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் சோப்பு வாங்கக் கடையில் நின்றார். காசைக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டியபடியே வைத்திருந்தார். கல்லாவில் இருந்த பையன் யாரோடோ பேசிக்கொண்டே, பார்க்காமல்கூட, சில்லறையை அந்தக் கையில் கொட்டினான். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் சில்லறையைப் பையில் போடாமல் வீடு வரைக்கும் கையிலேயே மூடிக்கொண்டு போனார்.

மனைவி பாட்டில்களில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"டிக் அப்படியே இருக்கட்டும்," என்றார்.

"எனக்காகச் சொல்றீங்களா?"

"உனக்காகத்தான். பின்னே பக்கத்து வீட்டுக்காரனுக்காகவா?" கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஒண்ணு மட்டும்தான் குறை. அந்த நகத்தைக் கொஞ்சம் வெட்டிட்டு எடுத்திருக்கலாம். ஒருத்தன் டாக்டர்கிட்ட காட்டச் சொல்றான்."

மனைவி சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. அவர் எழுந்து முதுகைத் தடவிக் கொடுத்தார். அந்தக் கை சேலையின் நூலில் மாட்டிக்கொண்டது. இரண்டு பேரும் பொறுமையாக அதை விடுவித்தார்கள்.

ஞாயிறு மத்தியானம் அறுபத்தாறாவது பாட்டில் போனது. மனைவி மேற்பார்வை அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"உன் இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன், பாத்துக்க."

"குடுத்துடுங்கம்மா. பாவம், யாராவது காத்துக்கிட்டிருப்பாங்க."

"அடுத்த மாசம் வியாபாரம் படுத்துட்டா?"

"அப்ப உங்ககிட்ட வந்து நிப்பேன். எடுத்தா எடுங்க."

 மேற்பார்வை அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அது உன் வீட்டுக்காரர் கையா? எனக்கு ஒரு பாட்டில் எடுத்து வை," என்றாள். சீருடை கதவுக்குப் பின்னாலிருந்து அலமாரியின் அடித்தட்டுக்குப் போனது. மனைவி அதைத் தூக்கி எறியவில்லை. எறிகிற அளவுக்கு அவளுக்குத் தைரியம் இன்னும் வரவில்லை.

திங்கட்கிழமை விடிகாலை நாலரைக்கு ஆலை வண்டி தெருமுனையில் ஒலி எழுப்பிவிட்டுப் போனது. மனைவி படுத்தபடியே அதைக் கேட்டாள். ஆறரைக்குப் புதர் எழுந்து வந்தபோது, அம்மா சீப்போடு ஜன்னலோரம் தயாராக உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருஷமாக இந்தக் காலை அவளுக்குக் கிடைத்ததில்லை. விடுப்பில்கூட டாக்டர் ஓய்வெடு என்றதால், கணவரே வாரிவிட்டுக்கொண்டிருந்தார்.

அவர் தேநீர் டம்ளரோடு ஓரமாக நின்றார். நல்ல விஷயம்தானே, மனைவி வீட்டில் இருக்கிறாள். பிள்ளைக்குத் தாய் தலை வாருகிறாள். இதற்காகத்தானே இத்தனை பாடு? ஆனால் இரண்டு கைக்கும் திடீரென்று வேலையில்லாமல் போய்விட்டது. டம்ளரை வைத்தார். பாட்டிலைத் திறந்து கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டார்.

"ஆ! அம்மா, இழுக்குற!"

"இரு, இது ஒண்ணுதான்."

"அப்பா கீழேருந்து வாருவாரு. நீ மேலேருந்து இழுக்குற!"

மனைவி கையை நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தாள். "கையில எதுக்கு அதைப் பூசிக்கிட்டு நிக்கிறீங்க?"

"சும்மா. வெடிப்புக்கு."

"வெடிப்புக்கா?" அவள் முட்டியை நகர்த்தி ஜன்னலோரம் இடம் விட்டாள். "இடது பக்கம் உங்களுக்கு. வலது பக்கம் எனக்கு. எப்படிக் கீழேருந்து வாருறதுன்னு காட்டுங்க, வாங்க. பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு."

அவர் உட்கார்ந்து நுனியிலிருந்து ஆரம்பித்தார். நாலு விரல் உயரம் வாரி, நிறுத்தி, அப்புறம் கொஞ்சம் மேலே. மனைவி அவர் கையைப் பார்த்துப் பார்த்து மறுபக்கம் அதேபோல் செய்தாள். முடித்தபோது இடது பக்கம் சுருள் சுருளாக இறங்கியது. வலது பக்கம் ஒரு கொத்தாக எழும்பி நின்றது. புதர் கண்ணாடியில் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்," என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.